செத்த மொழியில் யாராவது யாப்புச் சண்டை போடுவார்களா?

"ரெண்டாயிரம் வருஷம் செத்துக் கிடந்த ஹீப்ருவையே யூதர்கள் எழுப்பிட்டாங்க, நாம என்ன பண்றோம்?" மொழி பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது இதைப் பகிர்ந்துவிடுகிறார்கள். பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

வீட்டுப் பேச்சிலிருந்து ஹீப்ரு போனது உண்மை. எழுத்திலிருந்து போகவே இல்லை. மொழியை 'உயிர்ப்பித்தவர்' என்று கொண்டாடப்படும் பென் யெஹுதா பிறந்தது 1858-இல். ஆபிரகாம் மாப்புவின் ஹீப்ரு நாவல் 1853-லேயே அச்சாகிவிட்டது! பென் யெஹுதா அதைப் பேச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார், பெரிய காரியம்தான். ஆனால் பிணத்தை எழுப்பவில்லை.

பைபிளுக்குப் பின்னால் ஹீப்ருவில் வந்ததைத்தான் நாம் படிப்பதில்லை. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலஸ்தீனத்தில் யன்னாய் என்பவர் வழிபாட்டுப் பாடல்களில் இயைபை (அடிகளின் கடைசி ஒலி ஒத்து வருவதை) முறையாகக் கொண்டுவந்தார். 10-ஆம் நூற்றாண்டில் துனாஷ் பென் லப்ராத் என்ற கவிஞர் அரபு யாப்பின் குறில் நெடில் கணக்கை ஹீப்ருவுக்குள் நுழைத்தார். ஸ்பெயினின் கோர்டோபாவில் இலக்கண அறிஞர் மெனஹெம் பென் சருக்கின் மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். அந்நிய அளவுக்கு வெட்டினால் நம் மொழியின் இலக்கணம் என்னாவது என்று சண்டை. (எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) கடைசியில் துனாஷின் வழிதான் நின்றது. அதே ஸ்பெயினில் கிரனடாவின் அமைச்சராக இருந்த ஷ்முவேல் ஹநாகித் அந்த யாப்பில் போர்க்களக் கவிதைகளே எழுதினார்.

எனக்குப் பிடித்தது இவர்கள் யாருமில்லை, துனாஷின் மனைவி. அவள் எழுதிய கவிதை ஒன்றில், கணவன் ஸ்பெயினை விட்டுக் கிளம்புகிறான். அவள் கையில் ஒரே பிள்ளை. தன் வலக்கை மோதிரத்தை அவன் அவள் இடக்கையில் போடுகிறான், அவள் தன் வளையலை அவன் கையில் மாட்டுகிறாள். நினைவுக்காக மேலாடைகளையும் மாற்றிக்கொள்கிறார்கள். அப்புறம் கேட்கிறாள்: மன்னன் பாதி ராஜ்யத்தையே கொடுத்தாலும் இவன் இங்கே தங்குவானா? 'பாதி ராஜ்யம்' எஸ்தர் புத்தகத்தில் ராஜா எஸ்தருக்குக் கொடுக்கும் வாக்கு. அதை எடுத்துத் தன் வீட்டுத் துக்கத்துக்குப் பொருத்துகிறாள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

கெய்ரோவில் பழைய ஜெப ஆலயத்தின் அறை ஒன்றில் குவிந்து கிடந்த தாள்களோடு இந்தக் கவிதையும் கிடந்தது. இது அவள் எழுதியதுதான் என்று 1984-இல் ஆய்வாளர் எஸ்ரா ஃப்ளைஷர் எடுத்துக்காட்டினார். அவள் பெயர் இன்னும் தெரியாது. தாளில் இருப்பது 'துனாஷின் மனைவி' மட்டும்தான்.