பிடிக்காத இசைக்கும் நியாயம் செய்தவர்

மேற்கத்திய இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் என்றதும் தலைமுடி பறக்கக் கைகளை வீசும் ஒருவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். என் மனதுக்கு நெருக்கமானவர் அதற்கு நேரெதிர்: 1875ல் பாரிஸில் பிறந்த பியேர் மோந்தோ. குள்ளமான, பருத்த உருவம், அடர்ந்த மீசை, அளவான கையசைவு.

1913 மே 29 அன்று ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' பாலே, மோந்தோ இசைக்குழுவை நடத்த, பாரிஸில் அரங்கேறியது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கேலிச் சிரிப்பு, விசில், கூச்சல். ஆடுபவர்களுக்கு இசையே கேட்கவில்லை. நடனம் அமைத்த நிஜின்ஸ்கி மேடையோரம் நாற்காலி மேல் ஏறி நின்று தாள எண்ணிக்கையைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. மோந்தோ மட்டும் அசரவில்லை, கடைசி ஸ்வரம்வரை வாசிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். முதலையைப் போல் சலனமின்றி நின்றார் என்று ஸ்ட்ராவின்ஸ்கியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் அந்த இசை மோந்தோவுக்கே பிடிக்கவில்லை! ஸ்ட்ராவின்ஸ்கி அதைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, இந்த ஆளுக்குப் பைத்தியம்தான் என்று நினைத்தாராம். அப்படியும் இசைக்குழுவுக்கு 17 ஒத்திகை. அடுத்த ஆண்டே அதே பாரிஸில், நடனமில்லாமல் கச்சேரியாக நடத்தினார். அன்று ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றார்கள்.

தன் ரசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, எழுதியவருக்கு நியாயம் செய்வதுதான் நடத்துநரின் முதல் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மோந்தோவுக்கு இது வாத்தியக்காரராக இருந்த காலத்திலேயே படிந்திருக்க வேண்டும். 1902ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'பெல்லேயாஸ்' ஓபரா அரங்கேறியபோது வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர் அவர்.

அப்புறம் பாஸ்டன், ஆம்ஸ்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் இசைக்குழுக்களை நடத்தினார். பாஸ்டனில் 1920 வேலைநிறுத்தத்தால் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வெளியேற, அந்தக் குழுவை மறுபடி கட்டியெழுப்பினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹான்காக் என்ற சிற்றூரில் நடத்துநர்களுக்குப் பள்ளி நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேய நடத்துநர் நெவில் மாரினர் அங்கே படித்தவர். 1961ல், 86 வயதில், லண்டன் சிம்பொனி இசைக்குழு தலைமை நடத்துநராக அழைத்தபோது 25 ஆண்டு ஒப்பந்தம் கேட்டு வாங்கினார். 1964ல் மறைந்தார்.

இவ்வளவு செய்தவரின் பெயர் டோஸ்கானினி, கராயன் போன்ற நடத்துநர்கள் அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'டாஃப்னிஸும் க்ளோயியும்' பாலேயை 1912ல் அரங்கேற்றியவரும் இவர்தான். அதையே 1959ல் லண்டன் சிம்பொனியோடு பதிவு செய்தார். அதில் விடியற்காலைப் பகுதியைக் கேளுங்கள். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சலசலக்க, அடியிலிருந்து தந்தி வாத்தியங்கள் மெல்ல மெல்ல எழும்பி வரும். எந்த இடத்திலும் அவசரம் இருக்காது.