வாட்ஸ்அப் இல்லாத போனை வச்சு என்ன பண்றது

நம்ம தகவலைக் காப்பாத்தற பிரைவசி போன், தேவையானது மட்டும் இருக்கற மினிமல் போன்னு வர்றதுல நிறைய போன்ல வாட்ஸ்அப் மட்டும் வராதாம், கேட்டா அதுதான் எங்க கொள்கைங்கிறாங்க. லைட் போன்னு ஒரு மினிமல் போன், அதுல கிடையாது. புங்க்ட் எம்பி02ங்கிற பட்டன் போன்ல சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப் வழியா மெசேஜ் அனுப்ப வசதி குடுத்தாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எதிர்ல இருக்கறவங்க சிக்னல்ல இல்லையே! ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப், சொந்தக்காரங்க குரூப் எல்லாம் வாட்ஸ்அப்லதான் ஓடுது, கடைசியில பழைய ஸ்மார்ட்போனையும் சேர்த்து தூக்கிட்டு அலையணும், அப்புறம் எங்கேர்ந்து மினிமல், எங்கேர்ந்து பிரைவசி?

வாட்ஸ்அப்போட ஓனர் மெட்டா மேல எனக்கும் நம்பிக்கை கிடையாது. வாட்ஸ்அப்ல 2016லேருந்து எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு, அதாவது அனுப்பறவங்க, வாங்கறவங்க தவிர வேற யாரும் மெசேஜைப் படிக்க முடியாது, சிக்னலோட அதே புரோட்டோகால்தான், ஆனாலும் யார் யார்கிட்ட எப்போ பேசினாங்கங்கிற மெட்டாடேட்டா அவங்க கைக்குப் போகுது, காண்டாக்ட் லிஸ்ட்டையும் கேக்குது. அதுக்குத்தான் வழி இருக்கே, கிராஃபீன்ஓஎஸ்ங்கிற பிரைவசி ஆண்ட்ராய்டுல காண்டாக்ட் ஸ்கோப்ஸ்னு ஒண்ணு இருக்கு, நாம காட்டற நம்பர் மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும். போன் கம்பெனிக்காரங்களே, அந்த மாதிரி பூட்டு போட்டுக் குடுங்க, நோட்டிபிகேஷன் எல்லாம் முதல்லயே ஆஃப்ல இருக்கட்டும், வேணுங்கிறவங்க இன்ஸ்டால் பண்ணிக்கிறோம், வேண்டாதவங்க விட்டுடட்டும். காசு குடுத்து வாங்கறது நாங்க, அதை நாங்களே முடிவு பண்ண விடுங்கப்பா!