'வைக்கோல் வண்டி' ஆற்றங்கரையில் வரையப்பட்டதல்ல

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், இங்கிலாந்தின் ஸ்டவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்தே தன் 'வைக்கோல் வண்டி' (The Hay Wain) ஓவியத்தை வரைந்து முடித்தார் என்று ஒரு கட்டுரையில் வருகிறது. அது சரியல்ல. ஆற்றங்கரையில் அவர் செய்தவை சிறிய எண்ணெய் வண்ணக் குறிப்புகள்தான். ஏறக்குறைய 130 செ.மீ. உயரமும் 185 செ.மீ. அகலமும் உள்ள இந்தத் துணியை அவர் நிரப்பியது லண்டனில். அதற்கு முன் அதே அளவில் ஒரு முழு முன்வரைவையும் தீட்டிப் பார்த்தார். அது இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்வரைவில் கரையோரம் நாய்க்கு அருகே குதிரைமேல் ஒருவன் உண்டு. முடிந்த ஓவியத்தில் அவன் இல்லை; அந்த இடத்தில் வரைந்ததன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். எண்ணெய் வண்ணம் பழசாகப் பழசாக ஒளி ஊடுருவும் தன்மை கூடும். அதனால் மறைத்த உருவத்தின் நிழல் இப்போது லேசாகத் தெரிகிறது. அதைக் கறை என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று, வண்டி காலியாக இருக்கிறது. வைக்கோல் ஏற்ற அது போகும் இடம் வலப்பக்கத் தூரத்துப் புல்வெளி. அங்கே அறுவடையாட்கள் சிறு புள்ளிகளாக நிற்கிறார்கள். குதிரைகளின் கழுத்துப்பட்டைச் சிவப்பு மிகக் கொஞ்சம்தான், ஆனால் சுற்றியுள்ள பச்சை அவ்வளவு துலங்குவதற்கு அதுவே காரணம். அச்சுப்படங்களில் அந்தச் சிவப்பு சரியாக வராமல் போகலாம். முடிந்தால், ஓவியம் இருக்கும் லண்டன் நேஷனல் கேலரியின் இணையப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.