எல்லாம் நைலான்தான் சார்!

போன ஞாயிறு சாயங்காலம் பெரியப்பா மொட்டை மாடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டியதுதான் தாமதம், பட்பட்டென்று நாலு நாடா அறுந்து ஆள் அப்படியே உள்ளே போய்விட்டார். முழங்கால் நெஞ்சில் முட்ட மாட்டிக்கொண்டவரை இரண்டு பேர் பிடித்து உருவி எடுத்தோம்.

இந்த நாடா போட்டு இரண்டு கோடைதான் ஆகிறது! சட்டம் அப்பா வாங்கியது, முப்பது வருஷத்து இரும்புக் குழாய். பெயின்ட் அடித்துக்கொண்டே வந்தால் இன்னும் முப்பது வருஷம் நிற்கும். நாடாவோ, கையில் எடுத்துக் கசக்கினால் விபூதி மாதிரி உதிர்கிறது.

வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது: "பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுட்டு பிளாஸ்டிக் சேர் வாங்குங்க." ஏன் போட வேண்டும்? சட்டை பொத்தான் அறுந்தால் சட்டையையா எறிகிறோம்?

கடைக்குப் போனேன். "என்ன கலர் சார்?" என்றுதான் முதல் கேள்வி. இது எந்தச் சரக்கில் செய்தது, வெயில் தாங்குமா என்று கேட்டால், "எல்லாம் நைலான்தான் சார்" என்று ஒரே பதில். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள்.

இந்த முறை நான் விடவில்லை. வாங்கிய பச்சை நாடாச் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் அங்குலம் வெட்டி, தண்ணீர் டம்ளரில் போட்டு, காற்றுக் குமிழ் போக விரலால் நன்றாக அமுக்கி விட்டேன். நைலான் தண்ணீரைவிடக் கனம், மூழ்க வேண்டும். பாலியஸ்டரும் மூழ்கும். இது கையை எடுத்ததும் தக்கை மாதிரி மேலே வந்து நின்றது. அப்படியானால் அநேகமாகப் பாலிபுரொப்பிலீன், தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக்! புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்க்காவிட்டால் இந்தச் சரக்கு நம் ஊர் வெயிலில் நொறுங்கித்தான் போகும். நிழலில் கட்டில் பின்னிக்கொள் என்று சொல்லி விற்றால் யார் வேண்டாம் என்றது? நிஜ நைலானும் உத்தமம் இல்லை, மழையில் நனைந்தால் தொய்கிறது. வெளியில் கிடக்கும் நாற்காலிக்குப் பாலியஸ்டர்தான் சரி. ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் கடைக்காரர் என்னைச் சேலைக் கடைக்குப் போகச் சொல்கிறார்.

இனி என்ன செய்ய, வெட்டியாகிவிட்டது, திருப்பித் தர முடியாது. சரி, இதையாவது பின்னித் தொலைப்போம் என்றால் ஆள் வேண்டுமே. முன்பெல்லாம் சைக்கிள் கேரியரில் நாடாச் சுருளோடு தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். அவரைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நானே கோணி ஊசியும் மெழுகுவத்தியுமாக உட்கார்ந்தேன். நெடுக்கே எட்டு, குறுக்கே பதினெட்டு. வெட்டிய ஒவ்வொரு முனையையும் சுடரில் காட்டி உருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்துவிடும். அப்புறம் ஒன்று மேலே ஒன்று கீழே என்று நுழைத்து, காலால் சட்டத்தை உதைத்துக்கொண்டு இழுத்து, குழாயைச் சுற்றித் தைக்க வேண்டும். இழுவை கொஞ்சம் குறைந்தாலும் தொட்டில்தான். மூன்று சாயங்காலம் போனது. கட்டைவிரல் இரண்டும் கொப்புளம்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? கணக்குப் போட்டு 24 மீட்டர் என்றுதான் 25 மீட்டர் சுருள் வாங்கினேன். கடைசியில் குறுக்கு நாடா மூன்று குறைகிறது! வெட்டிய துண்டையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 22 மீட்டர்கூடத் தேறவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், "கம்பெனி சுருள் சார், நாங்க அளக்கிறதில்ல. அந்தப் பச்சை இப்ப வர்றதும் இல்ல, நீலம் இருக்கு."

நீலம் வாங்கி வந்து தைத்திருக்கிறேன். பெரியப்பா பொங்கலுக்கு மறுபடி வருகிறார். இப்போதே போனில் சொல்லிவிட்டார், எனக்கு ஸ்டூல் போதும்டா என்று.