கண்ணாடியை இறக்கி வைத்தால் போதாது
கார் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால், தூங்கும் குழந்தையைப் பத்து நிமிடம் உள்ளே விட்டுப் போகலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிச் செய்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயில் சீட்டையும் டேஷ்போர்டையும் சூடாக்க, அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது; சின்ன இடைவெளியால் பெரிய வித்தியாசம் வராது. வெளியே 22 டிகிரிதான், இதமாக இருக்கிறது என்றாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே 40ஐத் தாண்டலாம். அப்புறம், குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். பெல்ட்டை அவிழ்த்து வெளியே வரவும் அதற்குத் தெரியாது. தூக்கம் கலைந்து அழுதாலும் சரி, கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்.