எனக்கு இருப்பது இரண்டு மணி நேரம்தான்!

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. குழந்தை தூங்கிவிட்டாள். அடுப்படியைத் துடைத்தாயிற்று, மறுநாள் லீவு. பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழன் "மாப்ள, பத்தரைக்கு ரெடியா இரு" என்று மெசேஜ் போட்டிருந்தான். மூன்று வாரமாகத் தள்ளித் தள்ளிப் போன ஆட்டம். ஒரு வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட், ஒரு வாரம் என் மகளுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் ஊரில் சொந்தக்காரர் கல்யாணம். இந்த வாரம் எல்லாம் கூடி வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமைத் திறந்தால் திரையில் ஒரே ஒரு வரி: அப்டேட் தேவை, 71 ஜிபி.

71 ஜிபி! புது கேம் இல்லை. 3,500 ரூபாய் கொடுத்து வாங்கி, ஏற்கனவே டிஸ்கில் நூறு ஜிபிக்கு மேல் பிடித்து உட்கார்ந்திருக்கும் கேம். மூன்று வாரம் முன்னால் நன்றாக ஓடியது. அன்றைக்கு விளையாடிய அதே இடத்திலிருந்து தொடரத்தான் கேட்கிறேன். அதற்கு 71 ஜிபி எதற்கு?

எங்கள் வீட்டில் 50 எம்பிபிஎஸ் இணைப்பு. அது சொன்னபடி முழு வேகத்தில் ஓடினாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல், செல்போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டாவை வைத்து ஓட்டும் ஒரு மாணவன் இதே கேமை வாங்கியிருந்தால், வேறு எதையும் தொடாமல் 36 நாள் இறக்க வேண்டும். அதற்குள் அடுத்த அப்டேட் வந்து நிற்கும். அவனும் அதே காசைத்தானே கொடுத்தான்?

சரி, காத்திருந்தேன். தோழனும் காத்திருந்தான். பதினொன்றரை வரை பழைய கதை பேசினோம். பன்னிரண்டுக்கு அவன் கொட்டாவி விட ஆரம்பித்தான். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை மணிக்கு டவுன்லோடு முடிந்தது. முடிந்ததா? கேமைத் திறந்தால் அதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் லாஞ்சர், அதாவது கேமைத் தொடங்கிவைக்கும் தனிச் செயலி, திறக்கிறது, அதற்குத் தனி அப்டேட். அப்புறம் லாகின். பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் மின்னஞ்சலுக்கு ஒரு எண் வரும், அதைத் தேடி எடுத்துப் போட வேண்டும். அப்புறம் படிக்கவே முடியாத நீளத்தில் புது விதிமுறைகள், கடைசி வரை உருட்டினால்தான் "ஒப்புக்கொள்கிறேன்" பட்டன் உயிர் பெறும். அதுவும் முடிந்து உள்ளே போனால், ஷேடர் தயாராகிறது, காத்திருக்கவும், 4 சதவீதம். ஷேடர் என்பது திரையில் ஒளியையும் நிறத்தையும் வரையும் சின்ன நிரல், ஒவ்வொருவர் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஏற்ற மாதிரி அந்தந்தக் கணினியில் செய்ய வேண்டிய வேலை அது, புரிகிறது. ஆனால் இரண்டு மணிக்கு 4 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த விளக்கமும் உள்ளே இறங்காது. தோழன் எப்போதோ தூங்கிவிட்டான். நானும் அணைத்துவிட்டுப் படுத்தேன்.

கை கழுவி இலை முன்னால் உட்கார்ந்தவனிடம், இப்போதுதான் அரிசி ஊறப் போட்டிருக்கிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக வரும். "இப்போ கிராபிக்ஸ் எல்லாம் வேற லெவல், அதனால சைஸ் கூடத்தான் செய்யும்." நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஹெல்டைவர்ஸ் 2 கதையைக் கேள்விப்பட்ட அன்றோடு அந்த நம்பிக்கை போய்விட்டது. கம்ப்யூட்டரில் 154 ஜிபி பிடித்துக்கொண்டிருந்த கேம் அது. டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் பெட்டியில் அதில் கால்வாசிக்குக் கிட்டத்தட்டத்தான். 2025 டிசம்பரில் அதையே 23 ஜிபியாகக் குறைத்துக் காட்டினார்கள். எதையும் வெட்டவில்லை, படத்தின் தரத்தைக் கெடுக்கவில்லை. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் முள் அங்கும் இங்கும் ஓடித் தேடாமல் இருக்க, ஒரே கோப்பைப் பல இடத்தில் திரும்பத் திரும்ப நகலெடுத்து வைத்திருந்தார்கள். சுழலும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி வைத்திருப்பவனுக்கு அந்த நகல்களால் ஒரு பயனும் கிடையாது. பிறகு அளந்து பார்த்தால், ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவனுக்கும் பெரிய பயன் இல்லையாம். காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விளையாடும் களத்தை உருவாக்குவதில்தான் போயிருக்கிறது. குறைத்தவர்களைப் பாராட்டுகிறேன், வெளிப்படையாக விளக்கமும் கொடுத்தார்கள். ஆனால் அதுவரை 130 ஜிபி வெறும் நகல், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள டிஸ்க் இடத்தில், உலகம் முழுக்க வீடு வீடாக உட்கார்ந்திருந்தது! இன்னும் எத்தனை கேம்களில் இதே மாதிரி குப்பை கிடக்கிறதோ, யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளந்து பார்க்க அவர்களுக்கு அவசரமும் இல்லை. இடம் நம்முடையது, டேட்டா நம்முடையது, ராத்திரித் தூக்கமும் நம்முடையது.

என் சின்ன வயதில் டிவியில் சொருகி விளையாடும் கேம் பெட்டி ஒன்று தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. கேசட்டை வாயால் ஊதி, சொருகி, பட்டனை அழுத்தினால் அடுத்த நொடி மாரியோ நிற்பான். அந்த முழு கேமும், எட்டு உலகமும் சேர்த்து 40 கேபி. எனக்கு வந்த அந்த ஒரு அப்டேட்டில் பதினேழு லட்சம் மாரியோவுக்கு மேல் அடைக்கலாம். பழைய காலம்தான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட முடியாது. ஆனால் பட்டனை அழுத்தினால் கேம் வரும் என்ற ஒரு சின்ன உத்தரவாதம் 1985-இல் இருந்ததே, அது எங்கே போனது? 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கன்சோலுக்கு, கடையில் விற்கும் கேம் கார்டுகள் சிலவற்றில் கேமே கிடையாது. சாவி மட்டும்தான். கார்டைச் சொருகிவிட்டு இணையத்திலிருந்து கேமை இறக்க வேண்டும், விளையாடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். அதாவது இரண்டு தலைவலியும் சேர்த்து.

அதுவாவது கையில் ஒரு பொருள் இருக்கிறது. வெறும் டிஜிட்டலில் வாங்கியது நம்முடையதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். 2014-இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவையே சுருக்கி ஒரு வரைபடமாக்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓட்டிப் போகலாம். தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், அதோடு கேம் செத்தது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் செத்தது. அது போதாதென்று, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். வீட்டை விற்றுவிட்டுப் பத்து வருஷம் கழித்து வந்து, கதவை நிரந்தரமாகப் பூட்டி, பத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டு போவது மாதிரி.

இதில் கோபப்பட்ட ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" என்று ஓர் இயக்கமே தொடங்கினார். அவர் கேட்பது ரொம்ப நியாயமானது: சர்வரை என்றென்றைக்கும் ஓட்டச் சொல்லவில்லை, நிறுத்தும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. பத்து லட்சம் பேர்! கலிபோர்னியாவில், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு "வாங்குங்கள்" என்று எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2024-இல் சட்டம் போட்டார்கள். அதற்கப்புறம் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையிலும் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரி வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு விலையைக் குறைத்தார்களா?

எனக்கு இதெல்லாம் ஒரே நோயின் வேறு வேறு இடத்துக் கட்டிகளாகத்தான் தெரிகிறது. விளையாடுகிறவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, தொட்டிலில் குழந்தை இருக்கிறது என்பது இவர்கள் நினைப்பிலேயே இல்லை. எல்டன் ரிங் எவ்வளவு அற்புதமான கேம்! அந்தத் தங்க மரத்தை முதல் தடவை தூரத்தில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது, இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதில் ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பட்டன் கிடையாது. இணையத்தோடு இணைக்காமல் தனியாக விளையாடினாலும் கிடையாது. குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டும், வாசலில் மணி அடித்தால் திறக்க வேண்டும், அப்போது எதிரி காத்திருப்பானா? தொழில்நுட்பத்தில் முடியாத காரியமும் இல்லை. எல்டன் ரிங்கைச் செய்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட செகிரோ என்ற கேமில் நிறுத்திவைக்கலாம். முடிந்தும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

"அப்போ விளையாடுறதையே விட்டுடு" என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏன் விட வேண்டும்? இந்தக் கலையை மதித்து, நம் நேரத்தையும் மதித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்களே. பலாட்ரோ என்ற சீட்டு கேமை 2024-இல் ஒரே ஒருவர் உருவாக்கினார், தன் உண்மைப் பெயரைக்கூட வெளியில் சொல்லாமல். டிஸ்கில் 150 எம்பி இடம் இருந்தால் போதும். எந்த நொடியும் மூடலாம், மறுநாள் அதே கையில் தொடரலாம். ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்தது, 20 டாலர்தான். அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் ஸ்டீமே திணறியது. கேம் ரொம்பக் கடினம், செத்துச் செத்து ஓடுகிறேன், சில இடங்களில் தோற்ற பிறகு சண்டைக்குத் திரும்ப நடக்க வைக்கும் தூரம் அநியாயம். ஆனாலும் அந்தக் கோபம் வேறு. அது விளையாட்டுக்குள் இருக்கும் கோபம், என் தவறால் தோற்ற கோபம். அதைச் சந்தோஷமாகச் சுமப்பேன்.

வெண்பா என்ற கேமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கறை பட்டு, கிழிந்து, பாதி எழுத்து அழிந்து கிடக்கும். மிச்சத்தை நாமே கண்டுபிடித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று என் அம்மா சொன்னது எனக்குக் கைகொடுத்தது! ஆங்கிலம் பேசும் மகனுக்கும் தமிழில் கூப்பிடும் அம்மாவுக்கும் நடுவில் இடைவெளி விழும் காட்சிகளில் தொண்டை அடைத்துவிட்டது. முழு கேமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இவ்வளவு சின்ன கேமுக்கு இந்த விலையா" என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. ஒரே ராத்திரியில், குழந்தை தூங்கி எழுவதற்குள், ஒரு கதையைத் தொடங்கி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நூறு மணி நேரம் என்று மார்தட்டும் எந்த கேம் எனக்கு அதைக் கொடுத்தது? வெண்பாவுக்கு 2024-இல் அறிமுக கேமுக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தபோது எங்கள் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது எனக்கு.

ஆகவே செய்ய முடியாததை யாரும் கேட்கவில்லை. அப்டேட் போட்டால் மாறிய பகுதியை மட்டும் அனுப்புங்கள். கதை மட்டும் விளையாடுகிறவனுக்குக் கதையை மட்டும் இறக்க விடுங்கள். தனியாக விளையாடுகிறவனிடம் லாகின் கேட்காதீர்கள். அழுகிற குழந்தையைத் தூக்க எழுந்தால், திரும்பி வரும் வரை எதிரியை நிற்க வையுங்கள். சர்வரை மூடும் அன்றைக்கு, காசு கொடுத்தவன் கையில் ஓடுகிற கேமைக் கொடுத்துவிட்டு மூடுங்கள்.

நேற்று வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதே கேம், இன்னொரு அப்டேட், 34 ஜிபி. போன அப்டேட்டை இறக்கிய பிறகு ஒரு நிமிஷம்கூட நாங்கள் விளையாடவில்லை. நீக்கிவிட்டேன். தோழனுக்கு மெசேஜ் போட்டேன்: "மாப்ள, அதை எடுத்துட்டேன். சனிக்கிழமை பத்தரைக்கு வா, காலேஜ்ல ஆடின பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் போடலாம்." உடனே பதில் வந்தது: "பத்து மணிக்கே வர்றேன்."