மோட்டார் போய்விட்டதாம்!

மோட்டார் போய்விட்டதாம். வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி, கேட்டு வாங்கிய தண்ணீரைக் குடித்து, எங்கள் வக்கியூம் கிளீனரின் பொத்தானை ஒரேயொரு முறை அழுத்தி, நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்களை மூடிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதைத் திருத்த வந்த மனிதர் வழங்கிய தீர்ப்பு அது. அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி இரைந்துகொண்டிருக்கும் மோட்டாரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே அது செத்துவிட்டது என்று அறிவிப்பதற்கு எத்தகைய துணிச்சல் வேண்டும்! செத்தது எதுவாயினும் இப்படிச் சத்தம் போடுமா என்ற சிறு சந்தேகம்கூட அவருக்கு எழவில்லை.

நிமிர்ந்து நின்று தள்ளுகின்ற வகை வக்கியூம் கிளீனர் ஒன்றை வெளிநாட்டு உறவினரிடமிருந்து பெற்றுக்கொண்ட கொழும்புக் குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு புதிதாக இராது. முதலில் இறப்பர் கருகுகின்ற நாற்றம் வரும். பிறகு, கம்பளத்தில் தள்ளும்போது அடியில் இருக்கும் தூரிகை சுழலாது நின்றுவிடும். நூலும் முடியும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் பக்கத்துக் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்தால் அது உள்ளங்கையைக் கவ்வி இழுக்கும். இவ்வளவையும் அந்த மனிதரிடம் வரிசை பிசகாமல் சொன்னேன். போதாதென்று, குழாயின் வாயை அன்றைய பத்திரிகைத் தாளின் மீது வைத்துத் தூக்கியும் காட்டினேன். தாள் முழுவதும் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மிகுந்த அனுதாபத்துடன், “அது கடைசி மூச்சு மெடம்” என்றார்.

கடைசி மூச்சு! என் இயந்திரத்தில் இருப்பது ஒரே மோட்டார். அந்த மோட்டாரின் ஒரு முனை காற்றை உறிஞ்சும் விசிறியைச் சுழற்றுகிறது; வெளியே நீண்டிருக்கும் தண்டின் மீது மாட்டிய பெல்ட் தூரிகை உருளையைச் சுழற்றுகிறது. மோட்டார் போயிருந்தால் குழாயும் இழுக்காது, தூரிகையும் சுழலாது. குழாய் இழுக்கிறது, தூரிகை மட்டும் சுழலவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெல்ட் அறுந்திருக்கவேண்டும், அல்லது தளர்ந்திருக்கவேண்டும், அல்லது உருளையே இறுகியிருக்கவேண்டும். இதற்குப் பொறியியல் பட்டம் எதற்கு? ஆகவே இயந்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கும்படி கேட்டேன். “அடியில ஒன்னும் இல்ல மெடம், பிரஷ் மட்டுந்தான்” என்றார். நான் திரும்பவும் கேட்டேன். கையில் ஸ்குரூ டிரைவரே இல்லாமல் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. சமையலறை இழுப்பறையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். அதை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தம் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, “மோட்டரே கிஹில்லா” என்று சிங்களத்தில் மரண அறிவித்தலைப் பதிவு செய்தார். மறுமுனையில் இருந்தவரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும், ஏனென்றால் ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது இன்னும் அருமையானது. “ஐயா எத்தன மணிக்கு வருவார்?” ஐயா வந்தால் விலை பேசலாமாம். வக்கியூம் கிளீனரின் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று இன்றுவரை அறியாத என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து, நான் விளக்கியும் விளங்கிக்கொள்ளப்படாத விடயத்தை ஆண்குரலில் கேட்டு ஆமோதிக்கவேண்டுமாம். ஐயா வரமாட்டார், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். புது மோட்டார் இங்கு கிடைக்காது, புது இயந்திரம் வாங்குவதே புத்தி, பழையது வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால் தாமே அதை இலவசமாக எடுத்துச்சென்று உதவுவார் என்றார். செத்த மோட்டாரின் மீது என்ன கருணை! வருகைக் கட்டணத்துக்கான பற்றுச்சீட்டில், குறை என்ற இடத்துக்கு நேரே ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டார். பணத்தை எண்ணும்போது மட்டும் கண்களைத் திறந்தே வைத்திருந்தார்.

இந்த இயந்திரம் 2018இல் லண்டனில் வாங்கப்பட்டது. ஒன்றுவிட்ட அண்ணா அங்கிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்து தந்தது. அங்கும் இங்கும் 230 வோல்ட் மின்சாரமே என்பதால் அந்த வகையிலும் மோட்டாருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் வக்கியூம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணிநேரம் உழைக்கவேண்டும், அதன் குழாய் 40,000 தடவை வளைத்தாலும் பயன்படக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. பிரித்தானியா அப்போது அந்த ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஓட்டினால் 500 மணிநேரம் முடிவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கொழும்பில் கம்பளம் விரித்த அறையே வீட்டுக்கு ஒன்றுதான். மிகுதி எல்லாம் வெறுந்தரை. எங்கள் வீட்டில் அது வாரத்துக்கு ஒரு மணிநேரமும் ஓடியதில்லை. மோட்டாருக்கும் குழாய்க்கும் ஆயுள் குறித்துக் கவலைப்பட்ட அந்த அதிகாரிகள் ஒரு விரல் அகல இறப்பர்ப் பட்டியைப் பற்றியும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பது வேறு விடயம்.

அவர் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, நானே இயந்திரத்தைக் கவிழ்த்தேன். அடித்தட்டைப் பிடித்திருந்தவை சாதாரணத் திருகாணிகள். தட்டு கையோடு வந்தது. உள்ளே பெல்ட் அறுந்து, கருகி, சுருண்டு கிடந்தது. உருளையின் இரு முனைகளிலும் முடி இறுகச் சுற்றியிருந்தது. நீண்ட முடியுள்ள பெண்கள் வாழும் வீட்டில் சுழலும் தூரிகை வேறெதைச் சுற்றிக்கொள்ளும்? முனைகளில் முடி சேரச் சேர உருளை இறுகுகிறது. உருளை இறுகினாலும் மோட்டார்த் தண்டு தன் பாட்டில் சுழல்கிறது. நடுவில் அகப்பட்ட பெல்ட் வழுக்கி, உராய்ந்து, சூடேறி, கருகி, ஒருநாள் அறுகிறது. நாற்றத்தின் முழு வரலாறும் இதுதான். அறுபடாமல் வெறுமனே தளர்ந்திருந்தால் வேறு அறிகுறி காட்டும்: அந்தரத்தில் தூக்கிப்பிடித்தால் தூரிகை ஒழுங்காகச் சுழலும், கம்பளத்தில் வைத்து அழுத்தியதும் நின்றுவிடும். அப்படிப்பட்ட பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடியாகப் பளபளக்கும். தடித்த கம்பளத்தில் தூரிகையின் உயரத்தை மிகவும் தாழ்த்தி வைத்து ஓட்டினாலும் இதே கதிதான். இவற்றில் எதையும் நின்ற இடத்தில் நின்று காதால் கேட்டு அறிய முடியாது, குனியவேண்டும்.

1907இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, தூசியால் மூச்சிழுப்பு வருகிறது என்பதற்காக, மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து இந்த வகை இயந்திரத்தின் முன்னோடியைச் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தலையணை உறையைக் கொண்டு ஒருவர் உருவாக்கியதை, சீருடையும் அடையாள அட்டையும் அணிந்த ஒருவரால் கவிழ்த்துப் பார்க்கக்கூட இயலவில்லை.

சரி, பெல்ட் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிக் கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி, அறுந்த பெல்ட்டைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். தூசிப் பை இருக்கிறதாம், வடிகட்டி இருக்கிறதாம், குழாய் இருக்கிறதாம், பெல்ட் மட்டும் இல்லையாம். இங்கு விற்பனையாவது பெரும்பாலும் தரையில் இழுத்துச்செல்லும் பீப்பாய் வடிவ வகை. அதற்கு இந்தப் பெல்ட் தேவையில்லை. அது நியாயம். ஆனால் ஒரு கடையில், “மோட்டார் வேணும்னா எடுத்துத் தரலாம்” என்றார்களே, அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? மோட்டார் இந்த நாட்டில் கிடைக்காது என்பதுதானே காலையில் எனக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு?

தையல் இயந்திரக் கடைக்காரர் வட்டமான தோல் பெல்ட்டை நீட்டினார். தட்டையான பெல்ட் உட்காரவேண்டிய தண்டில் வட்டமானது எப்படி உட்காரும் என்று கேட்டதற்கு, “ஓட ஓட உட்காந்துரும்” என்றார். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் என் பெல்ட்டை அளந்தே பார்க்காமல் தடித்த விசிறிப் பெல்ட் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்கள். மோட்டார்சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டிப் போடலாம் என்று ஆலோசனை சொன்னவர் எங்கள் தொடர்மாடியின் காவலாளி. மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்தான் பிரச்சினையைச் சரியாக விளங்கிக்கொண்டவர் என்பதையும் சொல்லியாகவேண்டும். அதுவும் சரிவராது. கையால் வெட்டிய வளையம் ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். ஓடும்போது தண்டிலிருந்து நழுவும். பெல்ட் தேவைக்கு மேல் நீண்டால் வழுக்கும். குறைந்தால் உருளையின் தாங்கிகளையும் மோட்டார்த் தண்டையும் ஒரு பக்கமாக இழுத்துத் தேய்க்கும். அந்த நிலையில் சில மாதங்கள் ஓட்டினால் மோட்டார் உண்மையிலேயே போய்விடும், அந்த மனிதரின் பற்றுச்சீட்டும் மெய்யாகிவிடும்.

வேறெந்த நாடாக இருந்தாலும் பொறுத்திருப்பேன். இது இறப்பர் விளையும் நாடு! 1876இல் இங்கிலாந்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொட பூங்காவில்தானே நடப்பட்டன? களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இன்றும் பால் வெட்டுகிறார்கள். 1952இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்து ஊருக்கே சோறு போட்ட பொருள் அது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர்களையும் சத்திரசிகிச்சைக் கையுறைகளையும் உலகத்துக்கே இங்கிருந்து ஏற்றுமதி செய்கிறோம். அப்பேர்ப்பட்ட தீவின் தலைநகரில், ஒரு விரல் அகலமான இறப்பர் வளையம் ஒன்றுக்காக நான் வியர்த்து வழிந்து அலைந்துவிட்டு, இறுதியில் லண்டனில் இருக்கும் மச்சாளுக்குத் தகவல் அனுப்பி, இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் உள்ள மாதிரி இலக்கத்தையும் பழைய பெல்ட்டின் மீது பொறித்திருந்த இலக்கத்தையும் படம் பிடித்துக்கொடுத்து, அவள் அங்கே வாங்கி, யாரோ ஊருக்கு வருபவரின் பயணப்பையில் போட்டு அனுப்பவேண்டியிருந்தது. அந்த இறப்பர் களுத்துறையில் வெட்டிய பாலாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பெல்ட் வந்தது. மாட்டுவதற்கு எடுத்த நேரம், அந்த மனிதர் தண்ணீர் குடித்துத் தீர்ப்புச் சொல்ல எடுத்த நேரத்தைவிட அதிகமில்லை. முடியை வெட்டியெடுக்கத்தான் நேரமானது. உருளையைக் கழற்றி, கத்தரியை நீளவாக்கில் ஓட்டி முடியை அறுத்து, முனை மூடிகளையும் கழற்றி, தாங்கிகளுக்குள் புகுந்திருந்ததைக் குண்டூசியால் இழுத்தெடுத்தேன். விரலால் சுண்டினால் உருளை தடையின்றிச் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் புதுப் பெல்ட்டும் அதே வழியில்தான் போகும். மோட்டார்த் தண்டில் உருகி ஒட்டியிருந்த பழைய இறப்பரைச் சுரண்டித் துடைத்தேன். பிறகு பெல்ட்டை முறுக்கு விழாமல் முதலில் தண்டில் மாட்டி, உருளையில் அதற்கென உள்ள பள்ளத்தில் மறுபக்கத்தைப் போட்டு, இழுத்துப் பிடித்து உருளையை அதன் இடத்தில் அழுத்தினேன். பெல்ட் புதிதாக இருந்தால் உள்ளங்கை சிவக்கும் அளவுக்கு எதிர்த்து நிற்கும். அதுதான் சரியான இறுக்கம். உருளையைக் கையால் சுழற்றிப் பார்த்து, தட்டை மூடி, பொத்தானை அழுத்தினேன். எரிந்துபோன மோட்டார் தூரிகையை ஆனந்தமாகச் சுழற்றியது. பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்துத் தனியே இருந்து சிரித்தேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா, என்ன நடந்தது?” என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினால் கோபம் திரும்பவும் வந்துவிடும் என்பதால் ஒன்றுமில்லை என்றேன்.

இந்தத் தட்டைப் பெல்ட்டை அறும்வரை காத்திருக்காமல், ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை மாற்றிவிடவேண்டும் என்று சொல்கிறார்கள். பொதியில் இருந்தவை இரண்டு. அடுத்த வருடத்தைச் சமாளிக்கலாம். அதற்கடுத்த வருடம் மச்சாளின் ஊர்ப்பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று இப்போதே விசாரிக்கவேண்டும்.

இத்தனையும் முடித்து, கம்பளத்தை ஒரு தூசியில்லாமல் சுத்தம் செய்துவிட்டு, பல்கனிக் கதவைத் திறந்து நின்றால், மேல்மாடிக்காரர் தம் வீட்டு மிதியடியைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் படார் படாரென்று அடிக்கிறார். தூசி முழுவதும் என் கொடியில் காயும் துணிகளின் மீது. அவரிடமும் வக்கியூம் கிளீனர் இருக்கிறது. வாங்கிய அன்று மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு போனபோது என்னிடமே பெருமையாகக் காட்டினார். அதற்கும் மோட்டார் போய்விட்டது என்று யாராவது கையொப்பமிட்டுக் கொடுத்திருப்பார்களோ தெரியவில்லை. இன்று மாலை மேலே போய்க் கேட்கத்தான் போகிறேன்.